கீழ்க்குரல்

டிசம்பர் 1984, ஞாயிறு இரவு

ஆம்பூர் சர்ச் ஹாலில் இன்று நர்ஸுகள் நாங்கள் நால்வரும் டி.வி. செய்திக்கு முன்னால் வரும் இசையை வாயாலேயே பாடினோம். பிறகு ஒரு நடவுப் பாட்டு. பாராட்டெல்லாம் மேல்குரலில் மெட்டைப் பாடிய ஸ்டெல்லாவுக்கு. நான் கீழ்க்குரல், மெட்டுக்கு அடியில் வேறு சுரங்களில் துணையாக ஓடுவது; யார் காதிலும் தனியாக விழாது. இனிமேல் பாட்டுக்குப் போவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சற்றுமுன் இவர் கொசுவலை கட்டிக்கொண்டே அந்த டி.வி. இசையை முணுமுணுத்தார். உற்றுக் கேட்டால், என் கீழ்க்குரல்! எங்கள் வீட்டில் டி.வி. இல்லை. நான் சமையலறையில் தனியாகப் பாடிப் பழகியதுதான் மெட்டு என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

மெல்ல மேல்குரலை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். வலைக்குள் இரண்டு குரலும் கொஞ்ச நேரம் மிதந்தன.

சட்டென்று நிறுத்தினார்.

"இன்னா மேரி, தப்பா பாட்றியே!"