நாற்பது தாளிலும் நல்ல பெயர்

வருங்காலத் தலைமையாசிரியையும் என் அக்காள் பெற்ற சூறாவளியுமான மரிஃபேக்கு, ஏழு கடலையும் ஒற்றை மோட்டார் படகில் கட்டி ஆளும் உன் தெம்யோங் மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால்கூட இந்த வாரம் சண்டை போடவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. உன் முதுகலைப் படிப்புக்காக, 'நம் பள்ளியிலும் மரிஃபே டீச்சரிடமும் என்ன குறை?' என்று பெற்றோரிடம் நீ என்னை எழுதி வாங்கச் சொன்ன நாற்பது தாளையும் பேராசிரியர் திருப்பிவிட்டாராம். 'இது பள்ளிக்கூடமா, சொர்க்கமா?' என்றாராம். குற்றம் என்னுடையதுதான். ஒரு பன்றியை முழுசாகச் சுட்டு, வயிறு முட்டப் போட்டுவிட்டுத் தாளை நீட்டினேன். தின்ற வாயால் எவன் குறை சொல்வான்? அதுவும் நம் தீவில்! பள்ளிக்கூரை பறந்து தலையில் விழுந்தாலும் "காத்தோட்டமா இருக்கு, ரொம்ப நன்றி" என்பவர்கள். நாற்பது பேரும் 'டீச்சர் தங்கம்' என்றே எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமைக்குள் நிஜமான பதில் வராவிட்டால் இந்த ஆண்டு பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் இங்கே காலியாகக் கிடக்கும் தலைமையாசிரியர் நாற்காலிக்கு நீ மனுப் போட முடியாது என்று படித்ததும் என் இரத்தம் எரிமலையாகக் கொதித்தது. அந்தச் சூட்டிலேயே இரண்டு நாள் சோறு வெந்தது. வெளியூர்க்காரர் யாராவது வந்தால் முதல் புயலுக்கே மூட்டை கட்டுவாரே!

ஞாயிறு பூசை முடிந்ததும் புதிதாக நாற்பது தாளோடு ஊரையே மறித்தேன். இந்தத் தடவை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மாதாகோயில் வாசலில் நாற்காலி மேல் ஏறி நின்று உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். உறவுக்காரன் தொடங்கினால்தானே மற்றவர்களுக்கு வெட்கம் விடும்? "எம் மருமக குரலு கொசு சொல்ற ரகசியம் மாதிரி. தகரத்துல மழை விழுந்தா கடைசி பெஞ்சுக்கு ஊமைப்படந்தான்!" என்றேன்.

ஊரே மீனைப்போல வாயைத் திறந்து நின்றது. பிறகு மீன் விற்கும் நெனெங், "அது மட்டுமா அண்ணே? கக்கூசுல தண்ணி வந்து ஆறு மாசமாச்சு. எம் பொண்ணு பள்ளிக்கூட நாள்ல தண்ணியே குடிக்கிறதில்ல" என்றாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. "மூணு பிள்ளைக்கு ஒரே புஸ்தகம்!" என்றது ஒரு குரல். "கூட்டம்னு கூப்பிட்டு ரெண்டு மணி நேரம் பேசுனா நாங்க எப்போ வலை போடுறது?" என்றது இன்னொன்று. "ஒம் மருமகளத்தான் சொல்றோம், கோவமில்லையே?" என்று கேட்டுக் கேட்டுத் திட்டினார்கள். பிள்ளைகுட்டி இல்லாத கிழவர் பெர்டிங்கூட, "எனக்கும் ஒரு தாள் குடுடா, அறுபது வருசத்துக் குறை பாக்கியிருக்கு" என்று பிடுங்க வந்தார். இவ்வளவு இன்பமான புயலில் நான் படகு விட்டதே இல்லை!

கடைசியாக டெலியா வந்தாள். "எம் பையன் ஜுன்ரேய் நாலாவதுக்குப் போயிட்டான் அண்ணே. அவன் பேரத் தவிர ஒண்ணும் படிக்கத் தெரியல. பாவம்னு டீச்சர் பாஸ் போட்டாங்க. நானும் நன்றின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். போன வருடம் அவன் உன் வகுப்பு. சொன்னதை அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மருமகளே, அந்தத் தாளை என் சட்டைப்பையில் ஒளித்துவிட்டேன். முப்பத்தொன்பது போதாதா என்று பார்த்தேன். இரண்டு நாள் அது நெஞ்சில் நண்டாகக் கிள்ளியது. இப்போது உறையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். பேராசிரியர் முன் அதையே முதலில் படி. அந்தப் பையனை எப்படிப் படிக்க வைப்பாய் என்றும் சொல்.

டெலியா அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலைத் தவிர்த்து, கடற்கரை வழியாகச் சுற்றிப் போகிறாள், ஏதோ உனக்குத் துரோகம் செய்துவிட்டவள் மாதிரி. பட்டத்தோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி, படகை விட்டு இறங்கியதும் எங்களிடம் வராதே. நேரே போய் அவள் கதவைத் தட்டு. பரலோகத்துப் புனிதர்கள் அத்தனை பேரும் உன் நாவில் வரிசையாக உட்காரட்டும்.

உன் அன்பு மாமா,
தெம்யோங்