ஆறாம் எண் சிவப்பு மிதவை

பெங்காலிஸ்,
24 மார்ச் 1994

அன்புள்ள ஜம்ஹூர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? பெருநாளுக்கு வருவீர்கள் என்று வழி பார்த்தோம். கப்பல்தான் உங்களுக்கு முதல் வீடு!

செவ்வாய்க்கிழமை நான் ஓட்டிவந்த பயணிப் படகு எண்பது பேரோடு மணல்திட்டில் ஏறிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் விசாரணை முடியும்வரை சுக்கானைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

திட்டுக்கு எல்லை காட்ட உங்கள் கப்பல் நிறுத்திய ஆறாம் எண் சிவப்பு மிதவையை வழக்கம்போல இடப்பக்கம் விட்டுத்தான் வந்தேன். தண்ணீர் நிறம் மாறியதைப் பார்த்து பக்கத்தில் நின்ற பெரியவர் கத்தினார், "டேய் ருஸ்லி, அடி தெரியுதுடா!" நான் கேட்கவில்லை. "எங்க மச்சான் போட்டது. ஒரு முழம் நகராது" என்றேன். என் கண்ணைவிட உங்கள் கையை நம்பினேன். இப்போது காப்பிக்கடையில், "உன் மச்சான் மிதவைய மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பிட்டாராடா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

மிதவை இடம் மாறியிருந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அது உங்கள் வேலைக்கே உலை வைக்கும் என்று தெரியும். கேட்கவே கூசுகிறது.

உங்கள் மச்சினன்,
ருஸ்லி

டூமாய்,
31 மார்ச் 1994

அன்பு ருஸ்லிக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் நலம். நீ அனுப்பிய துரியன் அல்வாவைப் பிள்ளைகள் ஒளித்துவைத்துத் தின்கிறார்கள்.

நேற்று ஆறாம் எண்ணைத் தூக்கினோம். நீ சொன்னது சரி. இருநூறு அடி திட்டுப்பக்கம் போயிருக்கிறது. அடியில் அதைப் பிடித்துக் கிடப்பது மூன்று டன் கான்கிரீட் கட்டை. சங்கிலி அறவில்லை. கேப்டன் என்னைப் பார்த்து, "கட்டையை எடை குறைச்சலாப் போட்டுட்டியா ஜம்ஹூர்?" என்றார். இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மிதவையின் வளையத்தில் படகு கட்டிய நீலக் கயிறு ஒன்று மிச்சமிருந்தது. முடிச்சு தலைகீழாக முறுக்கிய இடதுகைக்காரன் முடிச்சு. பெங்காலிஸில் அப்படிக் கட்டுகிறவன் ஒருவன்தான். யாரும் பார்க்குமுன் அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். கட்டை எடை குறைவு, தவறு என்னுடையது என்று எழுதிவிடுகிறேன். என்னைக் கரையில் வைத்துப் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதானே மாப்பிள்ளை. உனக்குச் சுக்கான் திரும்பக் கிடைக்கும். அக்காவிடம் மூச்சு விடாதே.

ஜம்ஹூர்

பெங்காலிஸ்,
6 ஏப்ரல் 1994

என் அருமை மச்சானுக்கு,

கயிற்றைக் கையில் எடுத்ததும் என் முடிச்சு என்று தெரிந்துவிட்டது. பெருநாளுக்கு முதல் நாள் மிதவையடியில் கொடுவா மொய்க்கிறது என்று போனோம். எல்லோரும் கட்டுகிற இடம்தானே என்று என் படகை மிதவையில் கட்டினேன். என் படகில் இன்னொன்று, அதில் இன்னொன்று என்று ஏழு படகு. வற்று நீரோட்டம் படகுகளை இழுத்தபோது, "மிதவையும் நம்மகூடப் பெருநாளுக்கு வருதுடா!" என்று நான்தான் முதலில் சிரித்தேன். அந்த மீனில் இரண்டைத்தான் அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். நன்றாக இருந்தது என்று நீங்களும் சொல்லியனுப்பினீர்கள்.

உங்களிடம் அந்த வரியைக் கேட்டபோது இது என் நினைப்பிலேயே இல்லை. அல்லா சாட்சி.

திங்கட்கிழமை கயிற்றோடு துறைமுக அலுவலகம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழு படகு இழுத்தும் இருநூறு அடிக்கு மேல் அசையாத கட்டையைப் போட்டவரை எடை குறைத்தார் என்று எப்படிச் சொல்வது? அதை உங்கள் கையாலேயே எழுத விடுவேனா? உங்களைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை மச்சான். அந்த அறிக்கையைக் கிழித்துப் போடுங்கள்.

எனக்கு ஒரு வருஷம் சுக்கான் இல்லை.

இன்று காலை அதே படகில் பயணியாக வந்தேன். நீங்கள் திரும்ப நிறுத்திய ஆறாம் எண் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. புதிதாக வந்திருக்கும் சுக்கான்காரர் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டே அதை இடப்பக்கம் விட்டுக் கடந்தார். தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

உங்கள்,
ருஸ்லி