அவர் பெயர் ஒட்டிய பாட்டில்

ஜூன் 3, செவ்வாய்

ஹாரன்,

உன் பஸ் டிரிப் நோட்டில்தான் எழுதுகிறேன். பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. கடைசியாக நீ எழுதியது ஏப்ரல் 10 — மூன்றாவது டிரிப், எட்டு நிமிடம் லேட். அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு நான் ஆரம்பிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து. சிரிப்பாய். சிரி.

நேரில் ஒருநாளும் உன்னை ‘நீ’ என்று சொன்னதில்லை. உன் குரலுக்கு நான் வைத்த ‘ஹாரன்’கூடக் கதவைச் சாத்திய பிறகுதான். எழுதும்போது ‘நீ’தான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

இன்று கேன்டீனில் நூற்று நாற்பது தட்டு கழுவினேன். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதால் கால்விரல் புண் ஆறவே மாட்டேன் என்கிறது. செருப்பு கடித்த சின்னப் புண்தான்.

ஜூன் 5

தாகம். ஒரு ஜக் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அழுது அழுது உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதோ என்னவோ.

ஜூன் 8, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். விரலைப் பார்த்துவிட்டு ஒரே சத்தம். குரல் உன்னுடையது, தெரியுமே.

“எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?”

“பத்து நாள் இருக்கும்.” பொய். ஒரு மாதத்துக்கு மேல்.

“வா, டாக்டர்கிட்ட போலாம்.”

“ஒண்ணுமில்லடி. தானா சரியாயிடும்.”

“அப்பா மாதிரியே பேசு! அவரும் இதத்தான் சொன்னாரு.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். வீட்டிலும் எனக்கு அதே வேலை.

ஜூன் 11

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. மகளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

உனக்குச் சர்க்கரை இருப்பது எட்டு வருடமாக நம் இரண்டு பேருக்கும் தெரியும். உன் அப்பாவுக்கும் இருந்தது. வெளி டாக்டர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். டிப்போவில் தெரிந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி ஷெட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தாய். வருடா வருடம் பிப்ரவரியில் டெஸ்ட். முதல் நாளே பெயர் ஒட்டின பாட்டிலைக் கொடுத்து அனுப்புவார்கள், காலையில் சிறுநீர் பிடித்துக் கொண்டுபோக வேண்டும்.

“குருவி, உன்னோடதக் குடேன்,” என்றாய் முதல் வருடம்.

“உங்க வீட்டுக்காரர் மாசமா இருக்கார்னு சீட்டு வரப் போகுது,” என்றேன். எப்படிச் சிரித்தாய்! பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

அப்புறம் அது பழகிப் போயிற்று. எட்டு பாட்டில். கூச்சம்கூடப் போய்விட்டது.

பாட்டிலோடு போயிருந்தால் பரவாயில்லை. சீட்டு வரும், ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கும். அதைப் படித்துப் படித்து நீயே நம்பினாய் பார், அதுதான். “ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே” என்று மாத்திரையை விட்டாய். அது என் ரிப்போர்ட் என்பதே உனக்கு மறந்துவிட்டது. எனக்கும் மறந்துவிட்டதே! ஒவ்வொரு டிரிப் முடிவிலும் டீ, சிகரெட். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே இருப்பது. தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டபோது, “சீட்டைப் பின்னாடி தள்ளிக்கிட்டேன்” என்று பெருமை வேறு.

அன்றைக்கு மாரடைப்பு என்று உன்னைக் கொண்டுபோனபோது ஆஸ்பத்திரியில் டாக்டர், “சர்க்கரை இருக்கா?” என்று கேட்டார். உன் கண்டக்டர் அண்ணன், “இல்லீங்க, வருஷா வருஷம் டெஸ்ட் கிளியர்,” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நீ பிழைத்து வந்தால் வேலை போய்விடுமே என்று. அந்த நேரத்திலும் வேலை!

அவர்களே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். முந்நூறுக்கு மேலே. “சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலியே தெரியாது, அசதின்னு நினைச்சுடுவாங்க” என்று சொன்னார் டாக்டர். இரண்டு நாளாக அசதி அசதி என்றாயே. நல்லா தூங்குங்கன்னு சொன்னேனே நான்.

இந்தப் புண் ஆறலேன்னா ஆறாமப் போகட்டும். எனக்கு வேணும்.

ஜூன் 12

டீ குடித்தேன். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. பிப்ரவரியில் நீ ஒளித்துவைத்த டப்பா அரிசிக்குள்ளேதான் இருந்தது. தினமும் சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு நடக்கப் போனாய். கடைசியில் புத்தி வந்தது என்று நினைத்தேன். வந்தும் என்ன.

ஜூன் 17, செவ்வாய்

கண்டக்டர் அண்ணன் வந்தார். உன் லாக்கரைக் காலி பண்ணி எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். கூலிங்கிளாஸ், துண்டு, டீ டம்ளர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தங்கச்சி, இதக் கொண்டாரத்தான் ரெண்டு மாசம் தள்ளிட்டேன்,” என்று ஒரு சீட்டை நீட்டினார்.

இந்த வருட டெஸ்ட் சீட்டு. உன் பெயர். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது, ரத்தப் பரிசோதனை செய்து வரவும் என்று எழுதியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. நான் கொடுத்த பாட்டில் ஆயிற்றே?

“இது வந்த அன்னிக்குத்தான் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். ‘இது என்னோடது இல்லடா, அவளோடது. அவளுக்கு வந்திருக்கு’ன்னு சொல்லி, பஸ் படியிலயே உக்காந்துட்டான். அஞ்சு நிமிஷம் வண்டிய எடுக்கல. பின்னாடி ஒரே கூச்சல். டிப்போவுல கேட்டப்பல்லாம் ரத்தம் குடுக்கறேன் குடுக்கறேன்னு தள்ளிக்கிட்டே வந்தான்.”

“என்கிட்ட ஏண்ணே சொல்லல?”

“பயந்துடுவன்னு. மொதல்ல இனிப்ப நிறுத்துறேன், நடக்க வைக்கிறேன், அப்புறம் நைசா கூட்டிட்டுப் போறேன்னான்.”

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆஸ்பத்திரியில நான் பொய்தான் சொன்னேன் தங்கச்சி. தெரிஞ்சே சொன்னேன். மாட்டிக்குவானேன்னு. அன்னியிலேருந்து சோறு எறங்கல.”

“நானும்தாண்ணே நின்னேன். பேசாம நின்னேன்.”

கடைசியில் உட்கார்ந்தார். டீ போட்டேன். கை சர்க்கரை டப்பாவுக்குப் போனது, திரும்பி வந்துவிட்டது. “என்ன தங்கச்சி, கஷாயமா இது?” என்றார். முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

போன பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். உன் கையெழுத்து, டிரிப் நேரம் எழுதுகிற மாதிரியே: ஏப்ரல் 18. காலை 7. வெறும் வயிறு. குருவி.

பதினொன்றாம் தேதி போனாயே. இன்னும் ஒரே ஒரு வாரம்.

ஜூன் 18

எனக்காக டப்பாவை ஒளித்திருக்கிறாய். எனக்காக நடந்திருக்கிறாய். நான் உனக்கென்று நினைத்து உன் பின்னால் வந்தேன்.

ஜூன் 20

காலை 7. வெறும் வயிறு. தனியாகத்தான் போனேன்.

நர்ஸ் சின்னப் பெண். வீட்டில் யாருக்கெல்லாம் இருந்தது, என்ன வேலை, தாகம் எடுக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனது இதனாலோ என்று அப்போதுதான் தோன்றியது. விரலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும்மா. நல்லவேளை வந்தீங்க. யாரு அனுப்புனாங்க?”

“வீட்டுக்காரர்,” என்றேன்.

சிறுநீர் பிடிக்கப் பாட்டில் கொடுத்தாள். என் பெயர் ஒட்டியிருந்தது. ஒன்பதாவது பாட்டில். இதில்தான் என் பெயர்.

ஜூன் 23

268.

ஜூலை 9

மாத்திரையால் வயிறு புரட்டுகிறது. விட மாட்டேன். நிறுத்தினவர் கதை எனக்குத் தெரியும்.

ஜூலை 27

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பாட்டில் உட்பட. திட்டுவாள் என்று பார்த்தால், மாசமா இருக்கார் என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். “அப்பாவுக்கும் இருந்துச்சு, உனக்கும் இருக்கு, அப்போ எனக்கு?” என்று அவளும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போதைக்கு இல்லை. வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பாட்டிலை அவள்தான் நிரப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று 131. விரல் ஆறிவிட்டது, புதுத்தோல் குழந்தை உதடு மாதிரி இருக்கிறது. கேன்டீனில் ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்கிவிட்டேன். சாயங்காலம் கடைசி ஸ்டாப் வரை நடந்தேன். உன் பஸ்ஸை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். கண்டக்டர் அண்ணன் படியிலிருந்து கையாட்டினார்.

உன் சீட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். தினமும் ஒருமுறை பார்க்கிறேன். பின்பக்கம் பாதி வெள்ளையாகத்தான் இருக்கிறது. பேனா கையில்தான் இருந்திருக்கிறது. காலை 7, வெறும் வயிறு, குருவின்னு எழுதினியே ஹாரன், அதுக்குக் கீழ உன் பேரையும் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?