பதினோரு நாள் ரசம்

3 மே 2024

ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். பம்பு கம்பெனியில் ஒன்பது வருடம். மேனேஜர் வரதராஜுலு, "ஏனுங்க அம்மணி, வால்பாறைக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"ஊட்டுக்காரரோட இருக்கப் போறேனுங்க."

ஒரு மாத நோட்டீஸ். சாய்கிருஷ்ணா அங்கே எஸ்டேட் ஆபீசில் கிளார்க். குடும்பக் குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு முறை மட்டும் பார்க்கிற புருஷனோடு இரண்டு வருடம் ஓட்டியாயிற்று, போதும்.

6 மே

எஸ்டேட்டில் போன் பேசினால் பாதியில் அறுந்துவிடும். கணினியில் நாங்கள் ஆடும் விளையாட்டு மட்டும் அறுந்துபோகாது. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. தினமும் ஏழு மணிக்கு இருவரும் உள்ளே போவோம். பூதத்தை அடிப்பது பேருக்குத்தான், பேச்சுதான் அதிகம்.

டிரிக்கர் எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இன்ன வரி வந்தால் இன்ன பதில் என்று எழுதிவைத்தால் கணினியே தட்டிவிடும். விளையாட்டுச் சண்டையில் எனக்கு அடிபட்டால் அவருடைய ஆள் தானாக மருந்து கொடுக்கட்டும் என்று.

18 மே

இன்றும் ரசமாம். அவருக்குச் சாப்பாடு போடும் மெஸ்காரருக்கு வேறு எதுவும் வைக்கத் தெரியாதா?

20 மே

பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். பதினோரு நாளாக ஒரே வரி, ஒரு புள்ளி மாறாமல். "சாப்பிட்டேன் கண்ணு. இன்னிக்கு ரசம். நீ சாப்பிட்டியா?" நான் வேறு எது சொன்னாலும், "ம்ம், சொல்லு கண்ணு."

சந்தேகம் தீரட்டும் என்று தட்டினேன்: "நான் செத்துப்போயிட்டேனுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

விரலை எடுப்பதற்குள் பதில், நான் சொல்லிக்கொடுத்த அதே டிரிக்கர். சாப்பிட்டாராம். ரசமாம். நான் சாப்பிட்டேனா என்று விசாரிப்பு வேறு.

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன்.

21 மே

ஏழு மணிக்கு எங்கே இருப்பார்? சீட்டாட்டமா? வேறு ஒருத்தியா? இருந்தால் அவளையாவது திட்டலாம். என்னோடு பேசுவதே அலுப்பு என்றால் நான் யாரைத் திட்ட?

அலுப்பு என்று சொல்லியிருக்கலாமே. வாயில் என்ன கொழுக்கட்டையா?

26 மே, ஞாயிறு

சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்கு இறங்கியவர் போன் செய்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"தேஜு, ஒரு சின்ன டவுட்டு. எங்க ஆபீஸ் நரசிம்மலு கேக்கறான். டிரிக்கருக்குள்ள ஒரு வேரியபிள், அதான் நாளுக்கொண்ணா மாத்திக்கற வார்த்தை, வெச்சிருக்கானாம். அதோட மதிப்பு தினமும் மாறுது, ஆனா டிரிக்கர் பழசையே சொல்லுதாம்."

நரசிம்மலுவாம்!

"எழுதும்போதே வேரியபிள் விரிஞ்சுபோச்சுங்க. அன்னைக்கு இருந்ததே அதுல ஒட்டிக்கும். டாலர் குறி ஒண்ணு போட்டிருப்பாரு, ரெண்டு போடச் சொல்லுங்க. அப்பத்தான் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் புதுசா விரியும்."

"கெட்டிக்காரி" என்றார்.

அப்படியானால் ரசம் திரும்பத் திரும்ப வருவதை அவரும் பார்த்திருக்கிறார். தன் வரியைப் படித்திருக்கிறார். அதற்கு மேலேயே இருந்த என் வரியைப் படிக்கவில்லை. செத்துப்போனேன் என்று எழுதியிருந்தேனே, பாவி!

27 மே

இன்று கத்திரிக்காய்ப் பொரியலாம்.

29 மே

மேனேஜரிடம் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துப் போனது வீண். "உங்க டேபிளை இன்னும் யாருக்கும் குடுக்கலீங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கக்கேடு.

2 ஜூன், ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து போன்.

"எல்லாம் கட்டி வெச்சாச்சா? நேத்துப் பேசும்போதே கேக்கோணும்னு இருந்தேன்."

"நேத்து நான் வரலீங்க. திங்கக்கிழமைக்கு அப்புறம் நான் விளையாட்டுக்குள்ளயே வரலீங்க."

அவர் வாயெடுப்பதற்குள் மீதியையும் சொன்னேன்.

"ராஜினாமாவைத் திருப்பி வாங்கிப்போட்டேன். இங்கயே இருந்துக்கறேனுங்க."

ஏன் என்று கேட்பார், ஒரே ஒரு தரம் கேட்டால்கூட எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அப்ப குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடுத்தது என்ன ஆகறது?" என்றார்.