உறைக்கு ஒரு பாட்டில்

உங்கள் வீட்டுப் பரணைத் துடைக்கும்போது அந்தப் பித்தளைக் கரண்டி என் தலையில் விழுந்தது. நீ இருந்திருந்தால், கரண்டிக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் பார்த்திருப்பாய்.

சாத்தூர் வெயில். உங்கள் மொட்டைமாடி. செங்கல் அடுக்கி, தார்ப்பாய் விரித்து நாம் கட்டிய தொட்டி. தண்ணீர், உப்பு, சமையல் சோடா, கொஞ்சம் உரம். அதில் சுருள்பாசி. நமக்கு வேண்டியது அந்தப் பச்சைக்குள் இருக்கும் நீலம். பாசியை வடித்து, உலர்த்தி, குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் தனியே இறங்கிவரும். சூடு தாங்காத நிறம். அதனால் குச்சி ஐஸுக்கு விற்க நினைத்தோம்.

"பங்குனிப் பொங்கலுக்கு நீலத்தக் குடுங்க, வருசம் பூரா உங்ககிட்டதான்" என்றார் ஐஸ் அண்ணாச்சி. தவறினால் நீ பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டும். வீட்டில் தந்த கெடு அது.

கலக்க நான் இரும்புக் கம்பியை எடுத்தேன். தட்டிவிட்டாய்.

"ஏலே, இரும்பத் தொடாத!"

பட்டாசு அறையில் இரும்பு உரசினால் பொறி பறக்கும், அங்கே பித்தளைதான். தண்ணீர்த் தொட்டியில் ஏது தீ? எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானும் இந்த ஊர்தானே. நீ கொண்டுவந்த பித்தளைக் கரண்டி தொட்டியிலேயே ஊறிக் கிடந்தது. பச்சை வெளுத்தது. பிறகு மஞ்சள். பித்தளையில் இருக்கும் செம்பு பாசிக்கு விஷம். இருவரும் கல்லூரியில் படித்துத் தேறிய பாடம்.

"வெடிக்காமக் காப்பாத்திட்டோம்லே, மாப்ள" என்றாய். நான் சிரிக்கவில்லை. விதைக்குக்கூடப் பாசி மிச்சமில்லை.

நீ கீழே போனாய். அடுப்படி சன்னலிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தாய். உள்ளே நல்ல பச்சை.

"இத எப்பலே எடுத்து வச்ச?"

"மொத நாளே. எங்காத்தா உறைக்கு எடுத்து வைக்காமத் தயிர்ச் சட்டியக் கழுவுவாளா?"

பாட்டிலிலிருந்து வாளி. வாளியிலிருந்து தொட்டி. இம்முறை மரத்துடுப்பு. பொங்கலன்று அண்ணாச்சி முதல் ஐஸைத் தானே சப்பி, தெரு பார்க்க நாக்கை நீட்டினார். நீலம். நீயும் நீட்டினாய். கம்பெனி வேலை என்ற பேச்சு அதோடு உங்கள் வீட்டில் நின்றது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். நீ இல்லை.

தொட்டி இருக்கிறது. அதே பாட்டிலின் வழிவந்த பாசி. இன்று தொட்டி கழுவும் நாள். கரண்டியைப் பரணிலேயே திரும்ப வைத்தேன். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுமுன் ஒரு பாட்டிலை நிரப்பிச் சன்னலில் வைத்தேன். உன் ஆத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு போதாதுய்யா. ரெண்டா எடுத்து வை."