பேர் எழுதாத அட்டை

பாலக்கோடு பக்கம்,
சித்திரை 20

அன்புள்ள தம்பி நவநீதனுக்கு,

அக்காள் முனியம்மாள் எழுதுவது. நீயும் பானுமதியும் பிள்ளைகளும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் போய்விட்டாள். போன வெள்ளிக்கிழமை காலை, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் தொட்டி ஓரமாகவே சாய்ந்துவிட்டாள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. "ஒருத்தரு கையையும் எதிர்பாக்காம போவோணும்" என்று சொல்லிச் சொல்லித்தான் தருமபுரிக் கம்பெனி ஒன்று நடத்திய அடக்கச் செலவுத் திட்டத்தில் சேர்ந்தாள். மாதம் இருநூறு ரூபாய், ஆறு வருஷத் தவணையையும் கட்டி முடித்திருந்தாள்; கட்டக் கட்ட ஒரு அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். செத்தால் ஒரு போன் போதும், ஐஸ் பெட்டி, பந்தல், மேளம், வண்டி, குழி வெட்டும் கூலி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அவளைச் சேர்த்துவிட்டது நான். அவளோடு இன்னும் பத்துப் பெண்களையும். நானும் சேர்ந்திருந்தேன். சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருஷம் இருந்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அந்தத் திமிர் இப்போது இறங்கிவிட்டது.

அன்றைக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனேன். ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் காலி செய்து மூன்று மாதம் ஆயிற்றாம். நான் திரும்புவதற்குள் வெயில் ஏறி, உடம்பை வைத்திருக்க முடியாத நிலை. காதுத் தோட்டை அடகு வைத்துக் குழி வெட்ட ஆள் பிடித்தேன். கடைசியில் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் டெம்போவில் கிரேட் பெட்டிகளை இறக்கிவிட்டு அவளைக் கிடத்தினோம். கழுவியும் தக்காளி வாடை போகவில்லை. மாலை வாங்க மறந்துவிட்டேன், தம்பி. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எல்லா அட்டைகளையும் வாங்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒன்றிலும் பேர் இல்லை. உயிரோடு இருக்கிறவர் பேரைச் சாவு அட்டையில் எழுதினால் ஆகாது என்று ஒருத்தியும் அப்போது எழுத விடவில்லை. "எம்பேர எழுதாத, எமன் படிச்சுட்டு வந்துருவான்" என்று குள்ளம்மாள் சிரித்தாள். கம்பெனிக்காரனும் பரவாயில்லைங்க என்றான். அவனுக்கென்ன, வசதிதானே. "பேரில்லாம யாரு பணம்னு எழுதறதுங்கம்மா, எழுதிக்கிட்டு வாங்க" என்றார் எஸ்.ஐ. ஊருக்கு வந்து கேட்டால் இன்னமும் யாரும் பேனாவைத் தொடவில்லை. சேர்ந்தவர்களில் ஒருத்தியான கண்ணம்மாள்தான், "மொதல்ல உம்பேர எழுது, பாக்கலாம்" என்றாள். என் அட்டையும் வெறுமையாகத்தான் இருந்தது.

இனி என் சுகம். இரண்டு மாதமாக வயிற்றில் வலி. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டு ஆளை அழைத்து வரச் சொன்னார். எனக்கு வீட்டு ஆள் என்றால் நீதான்.

நேற்று என் அட்டையில் என் பேரை எழுதிவிட்டேன். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். நாளைக்குப் புகார் கொடுக்கிறோம். பணம் வருமா என்று தெரியாது.

எனக்காக நீ கடன் வாங்காதே. பந்தலும் மேளமும் வேண்டாம். உன் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வாழட்டும். வரும்போது ஒரு மாலை வாங்கி வா, குள்ளம்மாள் குழிமேட்டில் போட வேண்டும். நானே என் கையால் போட வேண்டும். எனக்கு நடமாட்டம் இருக்கும்போதே வந்துவிடு.

உன் அக்காள்,
முனியம்மாள்