டாக்குத்தர் சொல்லச் சொன்னது

1970 ஒக்டோபர் 27
பூனாகலைத் தோட்டத்து லயங்களுக்குத் தீபாவளிப் புடவை கொண்டுபோய்த் திரும்பினேன். மூட்டை முழுதும் தீர்ந்தது. ஏற்றத்தில்கூட டெய்சிக்கு மூச்சு வாங்கவில்லை. சீமைக்குப் போன துரை எனக்கு விட்டுப்போன குதிரை. அவளைப் பழைய நாளில் பார்த்துக்கொண்ட வீரய்யா வழியில் நின்று கழுத்தைத் தடவினான்.
"பொழுது சாயறப்ப பொகை போடுறீங்கதானே மொதலாளி? அவளுக்குக் கொசு ஆகாது."
போடுகிறேன் என்றேன். உண்மைதான், நுளம்பு விரட்டத் தினமும் போடுகிறேன்.

நவம்பர் 9
நோன்பு எட்டு. மழை. வயலெல்லாம் தண்ணீர். நோன்பு திறக்கிற நேரமும் புகை போடுகிற நேரமும் ஒன்றாக வருகிறது. கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு ஓடினால் இரவுத் தொழுகை தராவீஹும் முடிந்துதான் வீடு. நோன்பு தொடங்கியதிலிருந்து கொட்டிலில் புகையே இல்லை. மனைவி ஸவாஹிராவிடம் சொன்னால் போடுவாள். சொல்ல மறந்துபோகிறேன்.

நவம்பர் 15
டெய்சி புல்லைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றி நடக்கிறாள், பிறகு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை.

நவம்பர் 16
மிருக வைத்தியர் வந்தார், யாழ்ப்பாணத்தார். மூளைக் காய்ச்சல்போல இருக்கிறது, மருந்தில்லை என்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள பன்றிப் பட்டியைக் காட்டினார். பன்றியைக் கடித்த நுளம்பு குதிரையைக் கடித்திருக்கும், மனிதரைக் கடித்தாலும் வருமாம்.
"குதிரையாலை ஒருத்தருக்கும் பரவாது. தெருவிலை எல்லாருக்கும் சொல்லுங்கோ. பிள்ளையளை வலைக்குள்ளை படுக்க வைக்கச் சொல்லுங்கோ."
புகை போடுவீர்களா என்றும் கேட்டார். தலையாட்டிவிட்டேன். நோன்பு வாயோடு பொய்.

நவம்பர் 17
டெய்சி விழுந்துவிட்டாள். தெருவே வாசலில். பக்கத்து வீட்டு இத்ரூஸ்தான் முன்னுக்கு, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர்.
"நானா, எங்கட புள்ளைகளும் ஈக்குது. இத இஞ்ச வெச்சிக்கொள்ள ஏலா."
டாக்குத்தர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். நுளம்பைப் பற்றிப் பேசினால் பேச்சு புகைக்கு வரும். குற்றம் என் தலையில்தான் விழும். வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 18
காலையில் தானாக எழும்பினாள். தண்ணீர் குடித்தாள். பகல் தெருக்காரர்கள் அவளைச் சுடத் துவக்கோடு வந்துவிட்டார்கள். நானே கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன்.
என்ன மனிதன் நான்?

நவம்பர் 19
இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அவளைக் கொன்றவர்களுக்கு என்னத்தைச் சொல்ல? நுளம்பு கடிக்கட்டும்.

நவம்பர் 27
இத்ரூஸின் மகள் றஷீனாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கழுத்து மடங்கவில்லை, ஆளையும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். ஏழு வயது.
இத்ரூஸ் பள்ளி வாசலில் என் கையைப் பிடித்தார். "குதிரதான் போயிட்டே நானா. இது எங்கேந்து வந்த?"
சொன்னேன். நுளம்பு, வலை, நான் போடாத புகை, எல்லாம். அவர் கோபிக்கவில்லை.
"டாக்குத்தர் எப்ப சொன்ன?"
பதினாறாம் தேதி என்றேன். மகளுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாள்வரை விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு கையை விட்டார் — யா அல்லாஹ், திட்டியிருக்கலாமே.

டிசம்பர் 1
பெருநாள் தொழுகை முடிந்ததும், இறந்துபோன றஷீனாவுக்கு ஜனாஸாத் தொழுகை. இத்ரூஸ் எனக்கு முன் வரிசையில் நின்றார். முடிந்து திரும்பி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் சொல்லாமல் இருந்ததை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.